மூன்றாம் பலகை

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கவுன்சிலில் இருந்தீர், எழுதலாம்தானே என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். மாட்டேன் என்றேன். போன மாதம் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். அதன் பிறகு எழுதலாம் என்று பட்டது.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பற்றி ஒன்றுதான் தெரியும். புதன்கிழமை மண்டபம் கைவிட்டுப் போனது என்னால் என்பது. அது சரி. என்னால்தான் போனது. எப்படி என்று இதுவரை வெளியில் யாருக்கும் சொன்னதில்லை.

லண்டனில் கவுன்சில் என்றால் வீடு, பெனிபிட், குப்பை எல்லாம் பார்க்கும் பெரிய கவுன்சில் என்று நினைப்பார்கள். நான் இருந்தது அது இல்லை. அதற்கும் கீழே, நகரத்தின் ஓரத்தில் ஒரு குட்டிக் கவுன்சில். சம்பளம் வாங்காத ஒன்பது உறுப்பினர்கள். ஒரு மண்டபம், ஒரு பூங்கா, பதினேழு பெஞ்ச், பூந்தொட்டிகள், ஐந்து அறிவித்தல் பலகைகள். அவ்வளவுதான். இதைக் கவனிக்க ஒரு கிளார்க். அவருக்குக் கீழே நான்.

முதலில் மண்டபம் கூட்டும் வேலைக்குத்தான் போனேன். அதற்கு முன் பெற்றோல் ஷெட், அதற்கும் முன் அகதி முகாம். அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒரே கதைதான். மண்டபத்தில் உடைந்த கதிரை, எரியாத பல்பு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். கிளார்க் மிஸிஸ் பார்லோ அதை ஒருநாள் எடுத்து வாசித்தார். அடுத்த கிழமை ஐந்து பலகைப் பூட்டுகளின் திறப்புகள் கோத்த வளையம் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"இனி நிரலை நீ கொண்டுபோய் ஒட்டு" என்றார்.

நிரல் என்றால் கூட்டத்தில் என்னென்ன பேசப்படும் என்ற பட்டியல். கூட்டத்துக்கு முன் மூன்று முழு நாள் அது பலகையில் இருக்க வேண்டும். ஒட்டிய நாள் கணக்கில் இல்லை. கூட்ட நாளும் இல்லை. ஞாயிறு இல்லை, பாங்க் ஹொலிடே இல்லை. மிஸிஸ் பார்லோ அந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் விரல்களைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை அவரோடு யாரும் கதைக்க ஏலாது.

சின்ன மனிசி. சத்தம் போட மாட்டார். நன்றி சொல்லவும் மாட்டார். நான் எழுதியதில் பிழை இருந்தால் ஒரு விரலால் கடதாசியை என் பக்கம் தள்ளுவார். "மறுபடி வாசி." எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் முறை மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதச் சொன்னபோது பேசியதெல்லாம் எழுதினேன். பூந்தொட்டிக்கு என்ன நிறம் என்று உறுப்பினர்கள் நாற்பது நிமிடம் சண்டை பிடித்தார்கள். நாலு பக்கம் வந்தது. மிஸிஸ் பார்லோ பென்சிலால் நாலு பக்கத்தையும் வெட்டிவிட்டு ஒரு வரியை விட்டார். யார் என்ன சொன்னார் என்பது வேண்டாம், என்ன முடிவு என்பதை மட்டும் எழுது என்றார். கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பின்னால் யாரும் எதையும் சேர்க்கக் கூடாது. நானும் அந்தக் கோட்டை இருபது வருடம் இழுத்தேன்.

பலகைகள் ஐந்தும் கண்ணாடிக் கதவும் பூட்டும் உள்ளவை. மழைக்காலம் உள்ளே ஈரம் பிடித்துக் கடதாசி சுருளும். நத்தை புகுந்து ஓரத்தைத் தின்னும். ஒட்டியதும் நீலப் பதிவேட்டில் பலகை எண், என்ன ஒட்டியது, நேரம், என் கையெழுத்து. யாராவது கேட்டால் அதுதான் சாட்சி. யாரும் கேட்டதில்லை. நிரலை ஒருவர் நின்று வாசித்ததை நான் பார்த்ததும் இல்லை.

மூன்றாம் பலகை கடைத்தெருவில், எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில். சனிக்கிழமைகளில் தமிழர் எல்லோரும் அங்கே வருவார்கள். அதனால் யாராவது செத்தால் மரண அறிவித்தலைக் கொண்டுவந்து என்னிடம் தருவார்கள். கவுன்சில் பலகையில் அது போடக் கூடாது. மிஸிஸ் பார்லோவிடம் கேட்டேன். யோசித்தார். "ஏ4 அளவு. இடது பக்கம், கீழ் மூலை. ஏழு நாள்" என்றார். பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதினால் அனுமதி கொடுத்தது போலாகிவிடும். அப்படியே பல வருடம் நடந்தது.

இனி மண்டபக் கதை.

நடராசா அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். தபால் தரம்பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமைகளில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை சிறிய மண்டபத்தில் வயதானவர்களைக் கூட்டியவர் அவர்தான். முப்பது பேர் வருவார்கள். குசினியில் சோறு, பருப்பு, ஒரு கறி. அவருடைய மனைவி இராசமணி அக்கா சமைப்பா. பிறகு கார்ட்ஸ், முன்னூற்றிநாலு என்ற ஆட்டம். நான் மதிய இடைவேளைக்குப் போய் ஒரு கை போடுவேன். எப்போதும் நடராசா அண்ணையின் பக்கம்.

மண்டபத்தை மாதா மாதம் கேட்டுத்தான் எடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு நிரந்தரமாகத் தரும்படியும், சட்டி பானை வைத்துப் பூட்ட ஒரு அலுமாரி தரும்படியும் அண்ணை எழுதிக் கொடுத்தார். அது வியாழக்கிழமைக் கூட்டத்தில் எட்டாவது விடயமாக வந்தது.

"உனக்கு இதில் பங்கு ஏதும் உண்டா?" என்று மிஸிஸ் பார்லோ கேட்டார்.

"அங்கே சாப்பிடுவேன்" என்றேன்.

"அப்படியானால் அன்றைக்கு மினிட்ஸ் நான் எழுதுகிறேன்."

முந்திய வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து பலகையிலும் நிரலை ஒட்டினேன். ஆனால் அந்தக் கிழமை இராசமணி அக்கா செத்துப்போனா. நிரல் ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன், புதன் பின்னேரம் நெஞ்சு நோகுது என்று சொன்னவ, ஹொஸ்பிட்டலுக்குப் போய்ச் சேரவில்லை. சனிக்கிழமை காலை நடராசா அண்ணை சுருட்டிய கடதாசி ஒன்றோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி சிவம், கடைக்காரன்ர கண்ணாடியில ஏற்கெனவே மூண்டு பேர் தொங்குகினம். இடமில்லை எண்டுறான். உம்மட போர்டில போடேலுமோ?"

விரித்தார். பெரிய கடதாசி, ஏ4 மாதிரி இரண்டு மடங்கு. படத்தில் அக்கா சிவப்புச் சேலையோடு சிரித்துக்கொண்டு இருந்தா.

"சின்னன் இல்லையோ அண்ணை?"

"நாப்பது பேரின்ர பேர் கிடக்குது. சின்னனில எழுத்துத் தெரியுமோ? கனடாவில இருக்கிற மைத்துனன் தன்ர பேர் பிள்ளையளின்ர பேருக்குக் கீழ போட்டிட்டினம் எண்டு சண்டை. அங்க ஒப்பாரி இல்லை, பேர்ச் சண்டைதான். மூண்டு தரம் அடிச்சது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வாசல்படியில் இருந்துவிட்டார். எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தகனம் புதன்கிழமை. இன்டர்நெட் பார்க்கத் தெரியாத கிழவர்களுக்கு நேரமும் இடமும் அந்தப் பலகையில்தான் தெரிய வரும்.

மூன்றாம் பலகையைத் திறந்தேன். பூங்கா விதிகள் ஒரு பக்கம், உறுப்பினர்களின் படங்கள் ஒரு பக்கம், இரண்டும் ஒட்டிக் காய்ந்தவை. நடுவில் நிரல். அந்தக் கடதாசி பிடிக்கிற இடம் அது ஒன்றுதான். நாலு நாள்தானே என்று நினைத்தேன். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நிரலின் மேல் அக்காவை வைத்து நாலு மூலையிலும் குத்தூசி குத்தினேன். பூட்டினேன்.

புதன்கிழமை தகனம் முடிந்து வந்து கழற்றினேன். நிரல் கீழே அப்படியே இருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் எட்டாவது விடயம் நாலு நிமிடத்தில் முடிந்தது. மறுத்துப் பேச யாரும் வரவில்லை. பூங்காவில் வாத்து எச்சம் என்று ஒவ்வொரு மாதமும் வந்து சொல்லும் மனிதர் மட்டும் பின்வரிசையில் இருந்தார். ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். நடராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"சரி வந்திட்டுது அண்ணை. மூண்டு வருசம். அலுமாரியும்."

"அவ இருந்திருந்தா பாயாசம் வைச்சிருப்பா" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஷெரில் என்ற பெண் எழுதியது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாருக்குச் சேர்ச் அறை ஒன்றில் கூட்டம் நடத்துகிறவள். அந்த அறையில் ஈரம் ஏறிக் குழந்தைகள் இருமுகின்றன, சிறிய மண்டபம் கிடைக்குமா என்று ஒரு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் கேட்டாள். புதன் காலை ஒன்றுதான் அவர்கள் எல்லோருக்கும் சரிவரும் என்றாள். அவளுக்குப் பதில் சொன்னது நான். "மண்டபம் பற்றிய பேச்சு நிரலில் வரும். மூன்றாம் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவள் வீடு அந்தக் கடைத்தெருவுக்கு எதிரே.

கடிதத்தில் இருந்தது இதுதான். கூட்டத்துக்கு முந்திய சனியிலிருந்து புதன் காலைவரை நீங்கள் சொன்ன பலகையைத் தினமும் இரண்டு முறை பார்த்தேன். நிரல் அங்கே இருக்கவில்லை. தெரிந்திருந்தால் வந்து பேசியிருப்பேன்.

அவ்வளவுதான். அங்கே ஒரு படம் இருந்தது என்று எழுதவில்லை. செத்த ஒருவரின் படம் என்று அவளுக்கு விளங்கியிருக்கும். விளங்கித்தான் எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மிஸிஸ் பார்லோ நீலப் பதிவேட்டை எடுத்தார். மூன்றாம் பலகை, வெள்ளி, 12.40, என் கையெழுத்து. எல்லாம் சரி. பதில் எழுதி என்னிடம் தட்டச்சுக்குத் தந்தார். எங்கள் பதிவேட்டின்படி நிரல் உரிய நாளில் ஒட்டப்பட்டது, நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

பாதி அடித்தேன். நிறுத்தினேன்.

வாயை மூடிக்கொண்டு அடித்து முடித்திருந்தால் மண்டபம் எங்கள் ஆட்களுக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது பேரின் முகமும் தெரியும். எழும்பி அவருடைய மேசைக்குப் போனேன்.

"நிரல் அங்கே இருந்தது. ஆனால் வெளியே தெரியவில்லை."

"ஏன்?"

"நான் அதன் மேல் வேறொன்று வைத்தேன்."

"என்ன?"

சொன்னேன். பென்சிலை எடுத்தார்.

"எப்போதிலிருந்து?"

"சனி காலை. புதன் மதியம் கழற்றினேன்."

விரல்களைத் தொட்டு எண்ணினார். சனி. ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள். செவ்வாய். புதன். பென்சிலைக் கீழே வைத்தார். "ஒரு முழு நாள்கூட இல்லை."

பிறகு சொன்னார், "சட்டத்துக்கு ஒரு பலகை போதும். ஆனால் ஐந்து என்று எங்கள் கவுன்சிலே விதி எழுதி வைத்திருக்கிறது. பார்க்கச் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பியதும் அந்தப் பலகைக்குத்தான். இது மறுபடி கூட்டத்துக்குப் போக வேண்டும்."

"தெரியும்."

"நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது."

"அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று என் கையால் அடிக்க முடியவில்லை" என்றேன்.

உறுப்பினர்களுக்கு ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதில் காரணம் இருக்க வேண்டும். அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு ஒன்று கேட்டேன். மேலே இருந்தது என்ன என்று எழுத வேண்டாம். எழுதினால் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள். ஆறு நாளைக்கு முன் எரித்த மனிசி, அவவால்தான் மண்டபம் போனது என்று காலம் முழுக்கப் பேச்சு நிற்கும்.

"காரணம் எழுதத்தான் வேண்டும்" என்றார்.

"என் தவறு என்று எழுதுங்கள். அதுவும் காரணம்தான்."

பென்சிலை எடுத்தார். பிறகு எழுதி, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். 'அலுவலரின் தவறால் மூன்றாம் பலகையில் நிரல் தெரியும்படி இருக்கவில்லை.' கீழே வெற்றிடம். குறுக்கே கோடு இழுத்தார். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வைத்தார். அது வேறு விஷயம்.

மறுபடி கூட்டம் நடந்தபோது மண்டபம் நிரம்பியது. ஒரு பக்கம் குழந்தை வண்டிகள், மறுபக்கம் எங்கள் ஆட்கள், கம்பளித் தொப்பியும் கைத்தடியுமாக. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். மிஸிஸ் பார்லோவிடம் முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மணி ஒன்று உண்டு. அதைத் திருகி மேசையில் வைப்பார்.

ஷெரில் ஈரச் சுவரைப் பற்றிப் பேசினாள். அவள் சொன்னது உண்மை. நடராசா அண்ணை எழும்பினார். தெரிந்த இங்கிலீஷில் பேசினார். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு அறையில் நாள் முழுக்க இருக்கிறார்கள், பிள்ளைகள் வேலைக்குப் போய்விடும், புதன்கிழமை மட்டும்தான் இன்னொரு முகத்தைப் பார்க்கிறார்கள் என்றார். அதுவும் உண்மை. சொல்லி முடிக்குமுன் மணி அடித்தது. மணியைப் பார்த்தார், "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

ஐந்துக்கு நாலு. புதன் காலை தாய்மாருக்கு. எங்களுக்குத் திங்கட்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை. குசினி இல்லை.

வெளியே வந்ததும் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கடதாசி ஒட்டத் தெரியாதோ உமக்கு? இவ்வளவு காலமும் அங்க என்னத்தைக் கிழிச்சனீர்?"

"பிழை என்னிலதான் அண்ணை."

"பிழை எண்டு சொன்னாச் சரியோ? இந்த முப்பது கிழடுகளையும் இனி உம்மட வீட்டையோ கூட்டிக்கொண்டு வாறது?"

பக்கத்தில் நின்ற பொன்னுத்துரை சொன்னார், "விடு நடராசா. அவர் கவுன்சில்காரர். எங்கட ஆள் இல்லை."

நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டில் என் மனிசிக்கு மட்டும் தெரியும். "உள்ளதைச் சொல்லுங்கோவன். அவரே கொண்டுவந்து தந்தது தானே?" என்றா.

"செத்த மனிசியில பழி போடச் சொல்லுறீரோ?" என்றேன். பிறகு அவவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் இரண்டு மாரிகாலம் நடந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும். பாதை வழுக்கும். சாப்பாடும் இல்லை. முப்பது பேர் பன்னிரண்டாகி, பிறகு ஐந்து பேரானார்கள். ஒருவர் ஹரோவில் மகள் வீட்டோடு போனார். மற்றவர்கள் அறைக்குள் போனார்கள். சிலரை அதற்குப் பிறகு நான் கண்டது மூன்றாம் பலகையில்தான். ஏ4, இடது பக்கம், கீழ் மூலை. என் கையால்தான் குத்தினேன்.

நடராசா அண்ணை கடையில் கண்டால் ஓம் என்பார், இல்லை என்பார். அதற்கு மேல் இல்லை. பத்து வருடம் அப்படிப் போனது. அவர் முன்னூற்றிநாலு விளையாடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன்.

மிஸிஸ் பார்லோ ஓய்வு பெற்றுக் கடற்கரைப் பக்கம் போனார். பிறகு மூன்று கிளார்க்குகள் வந்து போனார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள், நாட்களைக் கணினி எண்ணும். இனிமேல் அலுவலக வாசலில் ஒரு பலகை போதும், மற்ற நாலையும் கழற்றலாம் என்று தீர்மானம் வந்தது. அந்த மினிட்ஸையும் நான்தான் அடித்தேன். ஒரு வரி.

நான் ஓய்வு பெற இரண்டு கிழமை இருந்தது. காலை நேரம். நடராசா அண்ணையின் மகள் கௌரி அலுவலகத்துக்கு வந்தா. கையில் ஒரு கடித உறை.

"அங்கிள், அப்பா ஞாயிற்றுக்கிழமை போயிட்டார்."

கதிரையை இழுத்துக் கொடுத்தேன். இருக்கவில்லை.

"போர்டில போடோணும். ஏ4தான் அங்கிள். நான் பெரிசா அடிக்கத்தான் நினைச்சனான். அப்பா விடேல்லை. ஹொஸ்பிட்டல்ல இருக்கேக்கையே எழுதி வைச்சிட்டார். இஞ்ச பாருங்கோ."

கொப்பியில் கிழித்த தாள். நடுங்கின கையெழுத்து.

'படம் சின்னன். பேர் ஐஞ்சு போதும். ஏ4. சிவத்திட்டைக் குடு. அம்மாவுக்கு அடிச்ச மாதிரிப் பெரிசா அடிச்சு அவன்ர கடதாசியை மறைக்க வேண்டாம். அவன் ஒருக்கா எனக்காகப் பட்டது போதும்.'

மறுபடி வாசித்தேன்.

"அப்பாவுக்கு இது எப்பவிருந்து தெரியும் பிள்ளை?"

"எது அங்கிள்?"

"ஒண்டுமில்லை."

ஷெரில் சொன்னாளோ, அவரே அந்தக் கிழமை மனைவியின் படத்தைப் பார்க்கப் போய் நின்று யோசித்தாரோ, எனக்குத் தெரியாது. முதல் வருடமே தெரிந்ததோ, கட்டிலில் கிடக்கும்போது விளங்கியதோ, அதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று கௌரியிடம் கேட்டேன். எழுதுங்கோ என்றா.

அன்றைக்கே மூன்றாம் பலகைக்குப் போனேன். குளிரில் பூட்டு இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன். நடுவில் அந்த மாதத்து நிரல். அண்ணையை இடது பக்கக் கீழ் மூலையில் வைத்து நாலு ஊசி குத்தினேன். கதவைப் பூட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். நிரல் கடைசி வரிவரை வாசிக்கக்கூடியதாக இருந்தது.

திரும்பி வந்து நீலப் பதிவேட்டைத் திறந்தேன். மூன்றாம் பலகை, 11.20, என் கையெழுத்து. என்ன ஒட்டியது என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதினேன். கீழே கோடு இழுத்தேன்.